மூன்றாவது துண்டிலிருந்து வாசனை இல்லை

இசோபே வருவதற்கு முன்பே அவருடைய மீன் வாசனை படியேறி வந்துவிட்டது.

தேநீர்த் தூள் கடைக்கு மேலே இருந்த அந்தச் சின்ன அலுவலகத்தில் ஹதானோ அம்மையார் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்களைப் பிடித்துப் பிடித்தே தலை நரைத்தவர். இப்போது அதையே சொந்தமாகச் செய்கிறார். அவருடைய உதவியாளர் தொபாஷி, முன்னாள் டாக்ஸி டிரைவர். வந்தவர் நாற்காலியில் உட்காரும் முன்பே குற்றவாளியைச் சொல்லிவிடுவார். இதுவரை ஒன்றுகூடச் சரியாக இருந்ததில்லை.

"ரப்பர் பூட்ஸோடயே வந்திருக்கீங்க. அவ்வளவு அவசரமா?" என்றார் ஹதானோ.

"கவாதா மாஸ்டர் என்னைக் கை கழுவிட்டாரும்மா" என்றார் இசோபே. கனசாவா நகரத்து மீன் மார்க்கெட்டே அவர் தொண்டைக்குப் பயப்படும். இன்றைக்கு அந்தத் தொண்டை கம்மிப் போயிருந்தது. "நாளையிலேர்ந்து மீன் வேணாம்னு சொல்லிட்டாரு. எட்டே பேர் உக்கார்ற சுஷிக் கடைதான். ஆனா அவர் ஒதுக்கினா இசோபே மீன்ல ஏதோ இருக்குன்னு மார்க்கெட் பூரா பேசும். அப்புறம் நான் கடையை மூடிட்டு வலை பின்னத்தான் போகணும்."

"என்னதான் நடந்தது?"

"செவ்வாய்க்கிழமை மதியம் நிவா ஐயா சாப்பிட வந்திருக்காரு. ரயில்வேல இருந்து ரிடையரானவர். நாக்குன்னா அதான் நாக்கு. கிளம்பறப்ப மாஸ்டர் காதோட, 'வெள்ளை மீன்ல மழையில நனைஞ்ச தண்டவாள வாசனை வந்துது'ன்னு சொல்லிட்டு, வருஷக் கடைசி விருந்துக்குப் பிடிச்சு வெச்ச இடத்தையும் வேணாம்னுட்டாரு. அந்த வெள்ளை மீன் நான் குடுத்த நாக்கு மீன்."

"போட்டிக் கடைக்காரன் காசு குடுத்திருப்பான்" என்றார் தொபாஷி. "வாங்கினது அந்த உதவி சமையல்காரி."

"அங்க அப்படி ஒருத்தி இருக்கான்னு உனக்கு யாருய்யா சொன்னா?"

"இல்லாமலா மேடம் இருப்பா?"

இருந்தாள். பெயர் யூகோ. வெளியே குளிர்கால இடி உருட்டிக்கொண்டிருக்க, மூவரும் போய்த் தட்டியபோது அவள்தான் கவாதா கடைக் கதவைத் திறந்தாள். மதியச் சாப்பாடு முடிந்து கடை ஓய்ந்திருந்தது. ஒரே மரத்தில் அறுத்த நீளப் பலகை, அதன் பின்னால், சோற்று உருண்டை மேல் பச்சை மீனைச் சீவி வைத்துத் தரும் கவாதா. அந்தக் கடையில் எந்த வாசனையும் இல்லை. கவாதாவின் பெருமையே அதுதான். அவர் மனைவி கினுயே தேநீர் கொண்டுவந்து வைத்தாள். தொபாஷியின் தலை எண்ணெயை ஒருமுறை மோந்தாள்.

"அண்ணே, நீங்க அந்த ஓரத்துக்குப் போயிடுங்க. இன்னும் கொஞ்சம். சுவர் வரைக்கும்."

கவாதா இசோபேயின் பக்கம் திரும்பவே இல்லை. "நான் யார் மேலயும் பழி போடலை மேடம். ஆனா என் நிவா ஐயா எழுந்து போயிட்டாரு."

"அன்னைக்கு என்ன வரிசையில வெச்சீங்க?"

"முதல்ல நாக்கு மீன். அப்புறம் கணவாய், சூரை, கொழுத்த புரி மீன், இறால். கடைசியா முட்டை."

"நாக்கு மீனை நீங்க ருசி பார்த்தீங்களா?"

"மார்க்கெட்லேர்ந்து வந்து மீனைப் பிரிக்கறப்பவே ஒரு துண்டு வாயில போட்டேன். நல்லாத்தான் இருந்தது. அப்புறம்தான் கெட்டிருக்கணும்."

"பிரிக்கறது எந்தக் கத்தி?"

"தடிக் கத்தி. இங்க ஆளுங்க முன்னாடி சீவறதுக்குத்தான் இந்த நீளக் கத்தி."

யூகோ தயங்கித் தயங்கிப் பேசினாள். "மாஸ்டர், கணவாய் வெச்சப்பவும் நிவா ஐயா முகம் ஒரு மாதிரி போச்சு. சூரையிலேர்ந்துதான் சரியானாரு."

"கணவாயும் இசோபே குடுத்ததா?" என்று ஹதானோ கேட்டார்.

"இல்ல மேடம். அது நோட்டோக் கடற்கரையிலேர்ந்து நேரா வருது. படகுக்காரரே அனுப்பறாரு."

இசோபே நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்துக் கதவு நகர்ந்தது. பக்கத்துத் தெருத் தச்சர் தலையை நீட்டினார்.

"அக்கா, இழைப்புளித் தகடு கொண்டாந்திருக்கேன். தீட்டி வைங்க. வாங்கினதும் மாட்டி இழைக்கணும், ஒரு கதவு பாதியில நிக்குது."

கினுயே அதைத் துணியில் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். "மிகி ஊர்க்காரி" என்றார் கவாதா, மன்னிப்புக் கேட்பதுபோல். "போன வருஷம்தான் கல்யாணம் ஆச்சு. அவங்க அப்பா தச்சுக் கருவி தீட்டறவரு. தெருவுல இருக்கற தச்சனெல்லாம் இப்ப இங்கதான்."

"நீளக் கத்தியும் அவங்கதானா?"

"சே, அதை நான் யாரையும் தொட விடமாட்டேன். ராத்திரி கடை சாத்தினதும் நானே தீட்டி, உறையில போட்டுட்டுத்தான் மாடிக்குப் போவேன்." கவாதாவின் முகம் அந்தத் துயரத்திலும் கொஞ்சம் மலர்ந்தது. "செவ்வாய்க்கிழமை என் கை எப்படி வந்திருந்ததுங்கறீங்க! நாக்கு மீன் தானாப் பிரிஞ்சு விழுந்தது."

"அன்னைக்குப் பூரா அதையேதான் சொல்லிட்டிருந்தாரு" என்றாள் யூகோ.

ஹதானோ கத்தியைக் கேட்டு வாங்கினார். மர உறைக்குள் செருகி, காதருகே வைத்து மெல்ல ஆட்டினார். உள்ளே டக்கென்று சத்தம் கேட்டது.

"உறை புதுசா மாஸ்டர்?"

"இந்தக் கத்திக்குன்னே அளவெடுத்துச் செஞ்ச உறை. ஆடாது."

"ஆடுது."

கவாதா கத்தியை வாங்கி ஆட்டிப் பார்த்தார். மறுபடி ஆட்டினார்.

"செவ்வாய்க்கிழமை காலையில கடையில யார் இருந்தது?"

"நானும் யூகோவும் மார்க்கெட் போயிருந்தோம். கினுயே வருஷக் கடைசிச் சுத்தம் பண்ணிட்டிருந்தா. அலமாரியெல்லாம் இறக்கி."

"மேடம்" என்று சுவரோரத்திலிருந்து தொபாஷி குரல் கொடுத்தார். "யூகோதான். நடுவுல நழுவி வந்திருப்பா."

"நீ அந்த டீயைக் குடி." ஹதானோ யூகோவைப் பார்த்தார். "கத்தியைப் பத்தி இங்க உனக்கு முதல்ல சொல்லித் தந்தது என்னம்மா?"

யூகோ பள்ளிக்கூடப் பாட்டுபோல் ஒப்பித்தாள். "காலையில தீட்டக்கூடாது. தீட்டின இரும்பு வாசனை மீன்ல ஏறும். ராத்திரி பூரா கத்தி தூங்கணும், அப்பத்தான்..." அவள் நிறுத்திக்கொண்டாள்.

கவாதா உறையிலிருந்து கத்தியை உருவினார்.

"வரிசையைப் பாருங்க" என்றார் ஹதானோ. "சோறு கெட்டிருந்தா எல்லாத்துலயும் தெரியணும். மீன் கெட்டிருந்தா ரெண்டு வேற வேற ஆளோட மீன்ல ஒரே வாசனை வராது. முதல் ரெண்டு துண்டுல இருந்தது, மூணாவதுல இல்லை. சீவிச் சீவித் துடைக்கறப்ப எது மெல்லப் போகும்? கத்தியில ஒட்டினது. தடிக் கத்தியில வெட்டின துண்டை மாஸ்டர் ருசி பார்த்தாரு, அதுல ஒண்ணும் இல்லை. நீளக் கத்தி காலையில தீட்டப்பட்டிருக்கு. சும்மா இல்லை, முனை உடைஞ்சு, அதைச் சரி பண்ணத் தேய்ச்சிருக்காங்க. அதான் கத்தி குட்டையாகி உறையில ஆடுது."

"அதான் யாருங்கறேன்?" என்றார் தொபாஷி.

"மாஸ்டருக்கே தெரியாத அளவுக்கு முனை எடுத்திருக்காங்கன்னா அது தேர்ந்த கை. யூகோவா இருந்தா காலையில தீட்டியிருக்க மாட்டா. அவ படிச்ச முதல் பாடமே அதான். அந்தக் கைக்கு இரும்பு தெரியும், மீன் தெரியாது. தச்சன் தீட்டினதும் மாட்டி இழைக்கறான். மரத்துக்கு மூக்கு கிடையாதே."

உள்ளேயிருந்து கினுயே வந்தாள். கையில் இன்னும் அந்தத் தகடு.

"அலமாரி துடைக்கறப்ப கல்தரையில விழுந்துடுச்சு" என்றாள். "நிவா ஐயா வர்ற நாள். சொன்னா உங்களுக்குக் கை நடுங்கிடும்னு பயந்துட்டேன். சரி பண்ணிட்டேன்னு நிம்மதியா இருந்தேன். அதனாலதான் அந்த வாசனைன்னு சத்தியமா எனக்குத் தெரியாது. இசோபே அண்ணே, என்னால உங்க பொழப்பு..."

அவள் குனிவதற்கு முன் கவாதா குனிந்துவிட்டார். பலகையில் நெற்றி பட, இசோபேயின் முன்னால், நீண்ட நேரம்.

"மாஸ்டர், எழுந்திரிங்க" என்றார் இசோபே. கம்மிய தொண்டை திறந்துகொண்டது. "தலையை எடுங்க, பலகையில வேர்வை படுது. நாளைக்கு நல்ல நாக்கு மீன் வருது. வேணுமா வேணாமா, அதைச் சொல்லுங்க."

"எல்லாத்தையும் கொண்டாங்க."

அவர் அங்கேயே நிவாவுக்குப் போன் போட்டு, மனைவி பேரைச் சொல்லாமல், கத்தியைக் காலையில் தீட்டிவிட்டதாக மட்டும் சொன்னார். மறுமுனையில் கிழவர் சிரிப்பது சுவரோரம் வரை கேட்டது. தண்டவாள வாசனை தனக்குத் தெரியாதா என்றார். வருஷக் கடைசிக்குத் தன் இடத்தை வேறு யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்றார்.

கவாதா கை கழுவிவிட்டு வந்து எல்லாருக்கும் சுஷி பிடித்தார். தொபாஷிக்கு மட்டும் அது கை மாறிக் கை மாறிச் சுவர்வரை போனது. முதல் துண்டு நாக்கு மீன். ஹதானோ கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார். கடல் மட்டும்தான் இருந்தது.

"என்ன மாஸ்டர், இன்னைக்கும் தானாப் பிரிஞ்சு விழுதா?" என்று இசோபே சீண்டினார்.

கவாதா கத்தியைத் துடைத்தார். நேற்று இரவு தானே தீட்டிய விளிம்பை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அதை உறையில் போட்டு, காலிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டிருந்த கினுயேயின் பக்கம் நகர்த்தினார்.

"இன்னைக்குக் கடை சாத்தினதும் நீ தீட்டு."

"நானா? நீங்க இதை யாரையும்..."

"செவ்வாய்க்கிழமை மாதிரி" என்றார் கவாதா. "ராத்திரியே."