மோசரின் முழங்கால்

பனிச்சறுக்குப் பயணத்தின் மூன்றாவது திட்டக் கூட்டம் கோயம்புத்தூர் வடவள்ளியில், இளமாறனின் சாப்பாட்டு மேசையில் சரியாகக் காலை பத்து மணிக்குத் தொடங்கியது. இரண்டு தம்பதிகள், பதினோரு நாள் விடுமுறை. அதற்கு நிகழ்ச்சி நிரல் உண்டு, கூட்டக் குறிப்பு உண்டு, எல்லாவற்றையும் படம் பிடிக்கச் சுவரில் ஒரு பதிவுக்கண்ணும் உண்டு. பம்புகளுக்கு வார்ப்படம் ஊற்றும் ஆலை நடத்துகிறவர் இளமாறன். ஆல்ப்ஸ் மலையையும் அவர் தரம் பார்த்து இறக்க வேண்டிய சரக்காகத்தான் பார்த்தார்.

பனியைப் பார்க்க ஆசைப்பட்டது அவரல்ல, மனைவி யாழினி. கல்யாணமான புதிதில் கேட்டாள். "அடுத்த வருசம் கண்டிப்பா" என்றார். அந்த அடுத்த வருடம் வர இருபத்தாறு வருடம் ஆயிற்று. அதுவும் அவள் தங்கை நேத்ராவின் கணவர் பிரணவ், தாங்கள் ஆல்ப்ஸ் போவதாகச் சொன்ன பிறகுதான் வந்தது. சகலை போகிற இடத்துக்குத் தானும் போகாமல் இருந்தால் இளமாறனுக்குச் சோறு இறங்காது.

"எனக்கு ஒண்ணும் பெருசா வேண்டாமுங்க" என்றாள் யாழினி. "பனியக் கையில அள்ளோணும். அதுல உழுந்து பொரளோணும். அவ்வளவுதான்."

"உழுந்து பொரள்றதா?" இளமாறன் சிரித்தார். "அதெல்லாம் எங்க பாட்டன் காலம்."

உண்மைதான். இப்போது யாரும் எதையும் கற்றுக்கொள்வதில்லை, ஏற்றிக்கொள்கிறார்கள். தேர்ந்த ஒருவரின் நரம்பு வழித்தடங்களைப் பிரதி எடுத்தால் அது திறன்பதிவு. திறனேற்றி என்ற தொப்பியை மாட்டிக்கொண்டு மூன்று மணி நேரம் படுத்து எழுந்தால், அந்த வித்தை உங்கள் கைகால்களுக்கு வந்துவிடும். வியர்வை வேண்டாம், பொறுமை வேண்டாம், வெட்கப்படவும் வேண்டாம்.

மேசை மேல், திறன்பதிவு தந்திருந்த பயிற்சியாளர்களின் பட்டியல் ஒளிர்ந்தது. பிரணவ் ஒரு பெண்ணின் படத்தைத் தொட்டார். "இந்தம்மா சிரிச்ச மொகமாச் சொல்லித் தருவாங்களாமுங்க, சகலை."

"சிரிச்சா வித்தை எப்படிங்க வரும்? நம்ம பசங்களுக்குக் கோச்சிங் சேர்த்தப்ப சிரிக்கிற வாத்தியாராவா தேடினோம்?" இளமாறனின் விரல் கடைசிப் படத்தில் நின்றது. அன்டோன் மோசர், வயது எழுபத்தொன்று, நாற்பத்தைந்து ஆண்டு அனுபவம். கீழே ஒரு குறிப்பு: மிகக் கடுமையானவர், யாரையும் பாராட்டியதாகத் தகவல் இல்லை. "இவருதானுங்க ஆளு" என்றார். பிரணவும் நேத்ராவும் உடனே தலையாட்டினார்கள். கண்டிப்பான வாத்தியார் என்றால் நம்மவர்கள் கண்ணை மூடிக்கொண்டு பிள்ளையைக் கொடுப்பார்கள். இங்கே தங்களையே கொடுத்தார்கள்.

யாழினி மட்டும் தனக்கு வேண்டாம் என்றாள். அதற்காக இளமாறன் அவளுக்கு இருபது நிமிடம் விளக்கம் சொன்னார். பனி குளிரும் என்பதையும் விளக்கினார். அவள் கைத்துண்டை இரண்டாக மடித்தாள், நான்காக மடித்தாள், பிறகு உள்ளங்கை அளவுக்கு மடித்தாள். அவர் எதையாவது விளக்கும்போது அவள் கைக்குக் கிடைக்கும் துணி இப்படித்தான் மடிபடும். "எங்க ஊட்ல ஒரு துணி கசங்கி நீங்க பாக்க முடியாதுங்க" என்று ஊரெல்லாம் பெருமையடித்துக்கொள்வார் இளமாறன்.

பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பே மூவரும் ஏற்றிக்கொண்டார்கள். அடுக்ககத்தில் கார்கள் இறங்கும் சரிவில் வழுக்குப்பாய் விரித்துச் சறுக்கினார்கள். முழங்கால்கள் அற்புதமாக மடிந்தன. நான்காம் நாள் மேலுதட்டின் இடது ஓரமும் மடியத் தொடங்கியது.

மோசர் நாற்பத்தைந்து வருடம் சுற்றுலாக்காரர்களை வெறுத்த மனிதர். வித்தையிலிருந்து அந்த வெறுப்பைத் தனியாக உரித்தெடுக்கத் திறன்பதிவு நிலையத்தால் முடியவில்லை. குறுக்கே வந்து விழும் கற்றுக்குட்டியைக் கண்டு அவர் மேலுதட்டைச் சுழித்து அருவருக்கும் அந்த நொடியில்தான் அவர் முழங்கால் அவ்வளவு அழகாக வளையும். அருவருப்பை எடுத்தால் முழங்காலும் போயிற்று. ஆகவே இரண்டையும் சேர்த்தே ஏற்றினார்கள்.

நான்காவது கூட்டம் பத்து நிமிடம் நடந்தது.

"கிளி மாதிரிப் பச்சையும் செவப்புமாச் சட்டை வாங்கி வெச்சிருக்கீங்களே, அத மாட்டிட்டு மலைக்கு வேற வருவீங்களா?" என்றார் இளமாறன்.

"பருப்புப்பொடி டப்பாவக் கட்டிட்டு வர்றவரு பேசறாரு" என்றார் பிரணவ்.

"ரெண்டும் ரெண்டு கோமாளிங்க" என்றாள் நேத்ரா.

மூன்று உதடுகளும் இடப்பக்கம் ஏறி நின்றன. மூவருக்கும் ஒரே ஒரு விஷயத்தில் ஒற்றுமை இருந்தது: இந்த மாதிரி ஆட்கள் காலடி வைக்க மலை என்ன பாவம் செய்தது? பயணத்தை ரத்து செய்தார்கள்.

"அப்ப நானுங்க?" என்றாள் யாழினி. இருபத்தாறு வருடம் காத்திருந்தவள்.

இளமாறன் அவளை மேலும் கீழும் பார்த்தார். "நீ ஒரு சுற்றுலாக்காரி" என்றார். மோசரின் அகராதியில் அதைவிடக் கேவலமான வசவு இல்லை.

யாழினி திறன்பதிவு நிலையத்தில் இதற்கு மாற்று கேட்டாள். நிஜப் பனியில் கற்றுக்குட்டியாக விழுந்து எழுந்து கற்றால் புதிய வழித்தடம் பழையதை அழித்துவிடும் என்றார்கள். அதை வந்து சொன்னபோது, "நானு? கத்துக்குட்டியாவா?" என்று உதட்டைச் சுழித்தார் இளமாறன். அவள் அவருடைய கைக்குட்டையை மடித்து வைத்தாள். பிறகு தன் பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பினாள்.

மோசர் இருந்த ஆல்ப்ஸ் விடுதியில் ஆளே இல்லை. உலகத்தில் கண்டிப்பை நம்பும் ஊர்கள் கோயம்புத்தூரோடு முடிந்துவிடவில்லை. எல்லா ஊரிலும் மோசரைத்தான் ஏற்றியிருந்தார்கள். ஏற்றியவர்கள் யாரும் வரவில்லை. யாழினி பனியைக் கை நிறைய அள்ளினாள், கன்னத்தில் வைத்தாள், ஐம்பது வயதில் விழுந்து புரண்டாள். சந்தோஷத்தில் அழுகை வந்தது. நிமிர்ந்தபோது எதிரே ஒரு கிழவர். மேலுதட்டின் இடது ஓரம் ஏறியிருந்தது.

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "இந்த மூஞ்சி ரெண்டு மாசமா எங்க ஊட்ல உக்காந்து இட்லி தின்னுட்டிருக்குதுங்க!" காதில் மாட்டியிருந்த மொழிமாற்றி அதை அப்படியே சொல்ல, மோசர் முதல்முறையாகக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

ஒன்பது நாள் அவளுக்குக் கற்றுக்கொடுத்தார். கற்றுக்கொடுத்தார் என்பதைவிடக் கத்தினார் என்று சொல்லலாம். அவர் கத்தும்போதெல்லாம் அவள் கையுறையைக் கழற்றி நிதானமாக மடித்தாள், பிறகு மாட்டிக்கொண்டு எழுந்தாள். அவள் எழுந்த வேகத்தில் யாரும் எழுந்து அவர் பார்த்ததில்லை. கடைசி நாள், காலியான சரிவைப் பார்த்தபடி, "அடுத்த வருடமும் வருவீர்களா?" என்று மெல்லக் கேட்டார்.

"பாக்கலாமுங்க" என்றாள் யாழினி.

நிலையத்தார் அடிவாரத்தில் காத்திருந்தார்கள். மோசரை ஏற்றிக்கொண்டு அவதிப்படும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு அவளுடைய விழுந்தெழும் திறனையே மருந்தாகக் கொடுக்கலாம் என்றார்கள். அவள் பதிவு செய்துகொள்ள விட்டாள்.

அதற்குள் இளமாறன் படாத பாடு பட்டிருந்தார். ஆலையில் பாதிப் பேர் அவரோடு பேச்சை நிறுத்தியிருந்தார்கள். பூங்காவில் நடப்பவர்களெல்லாம் அவர் கண்ணுக்குச் சுற்றுலாக்காரர்கள். யாழினியின் பதிவு வந்ததும் துள்ளிக் குதித்தார். விழாமலே விழுந்த பலன் கிடைக்கிறதென்றால் அவரைப் போன்றவர்கள் முதல் வரிசையில் நிற்பார்கள்.

மூன்று மணி நேரத்தில் உதடு நேரானது. பிரணவின் கிளிப்பச்சைச் சட்டையை நினைத்துப் பார்த்தார், எரிச்சல் வரவில்லை. இளமாறனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "அடுத்த வருசம் எல்லாரும் போறோம்! பழைய திட்டத்தையே எடுத்துக்கலாம்" என்று மூன்றாவது கூட்டத்தின் பதிவை ஓடவிட்டார்.

திரையில் அவர் யாழினிக்கு விளக்கிக்கொண்டிருந்தார். பனி என்பது தண்ணீர்தான் என்றார். அது குளிரும் என்றார்.

பார்த்துக்கொண்டிருந்த இளமாறனின் கை தானாக நீண்டு மேசை மேலிருந்த துண்டை எடுத்தது. இரண்டாக மடித்தது, நான்காக மடித்தது. மடிக்க மடிக்க, உள்ளே அமைதியாக ஒன்று பரவியது. மோசரின் வெறுப்பு அவருக்குப் பழக்கம். அது சூடாக இருக்கும். இது அப்படியில்லை. இதில் கோபமே இல்லை. கோபப்படும் அளவுக்குக்கூட அந்தத் திரையிலிருந்த ஆளைப் பொருட்படுத்தத் தோன்றவில்லை. ஆள் பேசி முடிக்கும்வரை கைக்கு ஒரு வேலை வேண்டும், அவ்வளவுதான். யாழினியின் எழுந்திருக்கும் திறனை நிலையத்தார் எங்கிருந்து எடுத்தார்கள் என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

அவர் துண்டோடு திரும்பினார். யாழினி சமையலறை வாசலில் நின்றிருந்தாள்.

"யாழி, இருபத்தாறு வருசமாவா?"

யாழினி திரையைப் பார்த்தாள். "முழுசாப் பாருங்க. இன்னும் பதினெட்டு நிமிசம் இருக்குது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

திரையில் இளமாறன் குளிருக்குக் கம்பளி போட வேண்டும் என்று விளக்கத் தொடங்கியிருந்தார். மேசையருகே இருந்த இளமாறனின் கையில் துண்டு உள்ளங்கை அளவுக்கு வந்துவிட்டது. அதற்கு மேல் அது மடியவில்லை. அவர் அடுத்த துண்டை எடுத்தார்.