ஏரிக்கரையில் திறந்த பெட்டி

அந்தப் பெட்டி பச்சை நிறமா, மண் நிறமா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பச்சை என்கிறாள் சசிரேகா. மண் நிறம் என்று அடித்துச் சொல்கிறான் ஆசிக். கேட்டுக் கேட்டு எனக்கும் குழம்பிவிட்டது. அதைத் திறந்த அன்று ஏரியில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது என்பதில் மட்டும் இருவரும் ஒத்துப்போகிறார்கள்.

உத்திரமேரூர் ஏரிக்குக் கீழே, வயல்களை ஒட்டி சசிரேகாவின் வீடு. அவளுடைய அண்ணன் ஜெகன் ராணுவத்தில் இருந்தான். ஐ.நா. அமைதிப்படையோடு லெபனானுக்குப் போய்த் திரும்பியபோது, எல்லோரும் எதிர்பார்த்த சென்ட் பாட்டிலுக்குப் பதிலாக ஓர் அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்தான்.

"இன்னாண்ணா இது?"

"பிரெஞ்சு சிப்பாய்ங்களோட சாப்பாடு. நான் நம்ம அல்வா பாக்கெட்டக் குடுத்தேன், அவன் இத்தக் குடுத்தான். ஒரு நாளைக்கு வேண்டியது எல்லாம் உள்ளயே கீது. அடுப்புகூட!"

"அடுப்பா? இந்தக் குட்டிப் பெட்டியிலயா?" என்று வாயைப் பிளந்தான் ஆசிக். சசிரேகாவின் வகுப்புத் தோழன் அவன். கடைத்தெருவில் அவன் அத்தாவுக்குப் பாத்திரக்கடை.

"ஆசிக்கும் சாப்புடணும்னுதான் கறி இல்லாததா கேட்டு வாங்கினேன்" என்றான் ஜெகன்.

"இப்பவே பிரிண்ணா!" என்றாள் சசிரேகா.

"வூட்டுக்குள்ள ஒக்காந்து துன்றதுக்கு இது இன்னா நாஷ்டாவா? அடுத்த லீவுல வரேன். ஏரிக்கரையில கூடாரம் போட்டு, அங்கதான் பிரிக்கணும்."

சொல்லிவிட்டு முறுக்கை டீயில் தோய்த்து வாயில் போட்டுக்கொண்டான். ஜெகன் எதையும் டீயில் தோய்த்துத்தான் தின்பான். ஒரு தடவை அதிரசத்தைத் தோய்க்கப்போய், அது டம்ளருக்குள் உடைந்து விழ, விரலை விட்டுத் துழாவி எடுத்துத் தின்றவன் அவன்.

அடுத்த லீவுக்கு ஜெகன் வரவில்லை. வடக்கே பனிமலையில் காவல் இருந்தபோது சரிந்த பனி அவனை மூடிவிட்டது. கொடி போர்த்திய பெட்டியில்தான் வந்தான்.

அதன் பிறகு அந்த வீட்டில் பேச்சு குறைந்துபோனது. அம்மா கல்பனா அட்டைப் பெட்டியை ஜெகனின் சட்டைகளுக்கு நடுவில் வைத்து பீரோவைப் பூட்டினாள். அவ்வப்போது எடுத்துத் துடைப்பாள், திரும்ப வைப்பாள். நைனா, அதாவது சசிரேகாவின் அப்பா வேதகிரி, வயலுக்குப் போவார், வருவார். சாப்பாட்டுத் தட்டைப் பாதியிலேயே நகர்த்திவிடுவார்.

சசிரேகா ஒருமுறை கேட்டுப் பார்த்தாள். "பெட்டி மேல தேதி போட்டுக்கீதும்மா. அது தாண்டினா கெட்டுப்பூடும்."

"கெட்டா கெடட்டும்."

"ஏரிக்கரையில பிரிக்கலாம்னு அண்ணன் சொல்லிச்சு..."

"அவனே வந்து பிரிக்கட்டும்."

அம்மா பீரோ சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். சசிரேகா மறுபடி கேட்கவில்லை.

வருஷப் படையல் வந்தது. ஜெகனின் படத்துக்கு முன்னால் தலைவாழை இலை விரித்தார்கள். சோறு, கத்திரிக்காய்க் குழம்பு, வடை, அதிரசம், ஒரு டம்ளர் டீ. கடைசியில் அம்மா பீரோவைத் திறந்து, அந்தப் பெட்டியையும் கொண்டுவந்து இலையோரம் வைத்தாள்.

சசிரேகா குழம்புச் சட்டியை மூடியோடு கொண்டுவந்து வைத்தாள்.

"மூடியத் தொறடி. மூடி வெச்சா அண்ணன் எப்பிடிச் சாப்புடுவான்?"

அவர்கள் வீட்டு வழக்கம் அது. படையலில் எதையும் மூடி வைக்கக் கூடாது. தண்ணீர்ச் செம்புகூடத் திறந்திருக்க வேண்டும். சசிரேகா ஒவ்வொரு மூடியாக எடுத்தாள். பெட்டியருகே வந்ததும் அவள் கை நின்றுவிட்டது.

அம்மாவைப் பேச்சில் மடக்க அவள் நினைக்கவில்லை. அண்ணனுக்குக் கிடைக்காமல் போய்விடுமே என்றுதான் நினைத்தாள்.

"இது மூடியே கீதேம்மா?"

நைனா தலையைக் குனிந்துகொண்டார். டம்ளரில் டீ ஆறி ஆடை கட்டியது.

"தொறந்தா தீந்துபூடுமேடி" என்றாள் அம்மா.

"ஆமாம்மா." சசிரேகா அம்மாவின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். "நாம எல்லாரும் கூட இருக்கலாம்மா."

அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "இங்க வேணாம். அவன் எங்க சொன்னானோ அங்க போவலாம். போய் ஆசிக்க இட்டுக்கினு வா."

ஏரிக்கரையில் சசிரேகாவும் ஆசிக்கும் நட்ட இரண்டு மூங்கில் கழிகள், அம்மாவின் பழைய புடவை. அதுதான் கூடாரம். நைனா உள்ளே நுழைந்து பார்த்தார். தலை மறைந்தது, கால்கள் வெளியே நீட்டிக்கொண்டு நின்றன.

"இன்னா சசி, கூடாரம் கட்டச் சொன்னா கோவணம் கட்டி வெச்சிக்கிற?"

ஆசிக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். நைனா கேலி பேசி எத்தனை நாளாயிற்று என்று சசிரேகா நினைத்துக்கொண்டாள்.

அம்மா தன் கையாலேயே பெட்டியைப் பிரித்தாள். பிஸ்கட்டுகள், டப்பாக்கள், மடக்கி வைத்த தகர அடுப்பு. கூடவே வெள்ளை வில்லைகள். படைத்ததை அவன் சாப்பிடமாட்டான் என்று, ஆசிக்கின் பங்கை முதலிலேயே தனியாக எடுத்து அவனிடம் கொடுத்துவிட்டாள்.

"பாரு கல்பனா, கற்பூரம்கூட வெச்சிக்கிறான் வெள்ளக்காரன்!" என்று நைனா ஒரு வில்லையை வெற்றிலையில் வைத்துக் கொளுத்தி, பக்தியோடு ஏரியைப் பார்த்துச் சுற்றினார். நீலமாக எரிந்தது. மீன் அழுகியதுபோல ஒரு நாற்றம் கிளம்பியது.

ஆசிக் மூக்கைப் பொத்திக்கொண்டான். "அங்கிள், அது அடுப்பு எரிக்கிற மாத்திரை! அட்டையில படம் போட்டுக்கீது பாருங்க!"

வெற்றிலை கருகி விரலைச் சுட்டது. "அதான் ஊதினாலும் அணையமாட்டேங்குதா!" என்று நைனா உதறிவிட்டுக் குதித்தார். அம்மாவின் உதடு லேசாக அசைந்தது. சிரிப்பாக மாறுவதற்குள் அடங்கிவிட்டது.

காக்கைக்கு வைக்காமல் சாப்பிடக் கூடாது. சசிரேகா ஒரு பிஸ்கட்டைக் கரைக்கல்லின்மேல் வைத்தாள். வெகுநேரம் எதுவும் வரவில்லை. தண்ணீர் கல்லில் மோதும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

பிறகு ஒரு காக்கை வந்தது. கொத்திப் பார்த்தது. பிஸ்கட் செங்கல்போல இருந்தது. தலையைச் சாய்த்து யோசித்தது. அதைக் கவ்விக்கொண்டு தத்தித் தத்தித் தண்ணீரருகே போனது. நனைத்தது. எடுத்தது. மறுபடி நனைத்துத் தின்றது.

"தோச்சுத்தான் துன்னுவான், படவா" என்றாள் அம்மா. கண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். சசிரேகாவை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டு, சத்தம் போட்டு அழுதாள். படையல் நாளில் அழக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

அப்புறம் அந்தக் குட்டி அடுப்பில் பயறும் காயும் கலந்த கூட்டைச் சூடாக்கினார்கள்.

"உப்பும் இல்ல, காரமும் இல்ல. இத்தத் துன்னுட்டுத்தான் சண்டைக்குப் போறானுங்களா? பாவம்" என்றார் நைனா. ஆனாலும் தன் பங்கை மிச்சம் வைக்காமல், வழித்துச் சாப்பிட்டார்.

ஜெகன் இனி வரமாட்டான் என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நைனா இப்போது பல நாட்களில் முழுத்தட்டும் சாப்பிடுகிறார், சில நாட்களில் முடிவதில்லை. ஆசிக்குக் கொடுத்த தகர அடுப்பு அவன் அத்தா கடையில் மேசைமேல் இருக்கிறது, யார் கேட்டாலும் அவர் விற்பதில்லை. காலிப் பெட்டியில் அம்மா ஊசியும் நூலும் போட்டு ஜன்னலில் வைத்திருக்கிறாள். வெயிலில் அதன் நிறமே வெளுத்துவிட்டது. அதை அவள் மூடுவதில்லை. சசிரேகா முறுக்கை டீயில் தோய்த்துத் தின்னப் பழகிவிட்டாள்.