நம்பிராஜன் ஒருமுறையும் தவறியதில்லை

துப்பறிவாளர் நம்பிராஜன் தம் நாலாயிரத்து எழுநூறாவது வழக்கின் தீர்ப்பை இன்று மாலை ஏழு மணிக்குச் சொல்லப்போகிறார். இந்த முறை வழக்கு கற்பனை அல்ல. நிலவின் தென்முனையில் பனி வெட்டும் நிலையத்தில் மூச்சுக்கலம் ஒன்று காணாமல் போயிருந்தது. ஆட்கள் இருபத்திரண்டு பேர், கலங்கள் இருபத்தொன்று. காற்றுப்பொறி பழுதானால் ஒருவருக்கு மூச்சில்லை. பூமியிலிருந்து கப்பல் வர இன்னும் ஒன்பது நாள்.

நம்பிராஜன் வெறும் குரல்தான். முப்பது ஆண்டுகளாக மக்கள் செவிமணியைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்டுவரும் ஒலித்தொடரின் நாயகர். கதையைப் பின்னுவது ஒரு கதைப்பொறி. கதையில் ஒரு பெயர் வரும்போது கேட்பவரின் நாடி துள்ளினால், அந்தப் பெயருக்கு உரியவர்மேல் அவருக்குச் சந்தேகம் என்று செவிமணி குறித்துக்கொள்ளும். யார் பெயருக்கு நாடி மிகக் குறைவாகத் துள்ளுகிறதோ, அவரையே பொறி குற்றவாளி ஆக்கும். அதனால்தான் முடிவு எப்போதும் திகைக்க வைத்தது.

பொறியைப் பராமரிக்கும் ஜமால், நிலையத் தலைவர் வரதனிடம் போய் நின்றான்.

"ஐயா, அது எதையும் கண்டுபிடிக்காது. யாரும் சந்தேகப்படாத ஆளைச் சொல்லும், அவ்வளவுதான்."

"முப்பது வருஷத்துல ஒரு தடவையாவது தப்பாச் சொல்லியிருக்காரா?"

"குற்றவாளியை உண்டாக்குறதே அவர்தானே, எப்படித் தப்பும்?"

"சரி, எல்லாரும் சந்தேகப்படுற ஆளை?"

"விட்டுடும். முடிவு சப்புன்னு போயிடுமே."

வரதன் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, "ஏழு மணிக்கே நடக்கட்டும். பெயர் வந்த ஆள் கப்பல் வர்ற வரைக்கும் வெளியறையில இருக்கணும்" என்றார்.

வெளியறையில் குளிர் எலும்பைத் தொடும். ஜமால் நேரே சமையல்கூடத்துக்கு ஓடினான். யார் பெயர் வரும் என்று அவனுக்குத் தெரியும். சமையல் பார்க்கும் ஆக்னஸ், யார் காய்ச்சலில் படுத்தாலும் கஞ்சியோடு போய் நிற்பவள். அவளுக்கே இளைப்பு நோய். அந்தக் குளிரில் மூன்று நாள் தாங்கமாட்டாள்.

"அக்கா, இன்னிக்கு யாரையாவது நல்லாத் திட்டுங்க."

"எதுக்குல?"

"உங்க மேல கொஞ்சம் சந்தேகம் வரணும்."

விவரம் கேட்டபின் அவள் முயன்றுதான் பார்த்தாள். மதியம் பனிவெட்டி ஒருவனிடம், "ரெண்டாம் தடவை குழம்பு கிடையாது, எந்திச்சுப் போல!" என்று கத்தினாள். அவன் பதறிப்போய், "அக்காவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். அடுத்த அரைமணி நேரத்தில் நாலு பேர் வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள்.

ஆறரைக்கு ஜமால் பொறியின் முன் உட்கார்ந்தான். பெயர்ப் பட்டியலில் இருபத்து மூன்றாவதாக ஒரு பெயரைச் சேர்த்தான். இது போதுமா என்று தெரியவில்லை. இறைவனை வேண்டிக்கொண்டான்.

ஏழு மணிக்குக் குரல் ஒவ்வொரு பெயராகச் சொன்னது. 'ஆக்னஸ்' என்றதும் கூடத்தில் யார் நாடியும் துள்ளவில்லை. ஜமாலின் இதயம் மட்டும் பயத்தில் துள்ளியது. பொறிக்குப் பயமும் சந்தேகமும் ஒன்றுதான்.

"குற்றவாளி," என்றது குரல், "நம்பிராஜனாகிய நான்தான்."

கூடத்தில் எல்லோரும் செவிமணியைக் கழற்றிப் பார்த்தார்கள். பிறகு யாரோ சொன்னார்: "முப்பது வருஷமா நம்ம காதுக்குள்ளேயே இருந்திருக்கான். ஒருத்தருக்கும் தோணலையே!"

அவர்கள் அதையும் நம்பினார்கள்! கதைப்பொறியின் மின்சாரத்தைத் துண்டித்து, அதை வெளியறைக்குத் தூக்கிச் சென்றார்கள். குரலுக்குக் கலம் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

ஜமாலின் கையில் நாடிக் குறிப்பு மட்டும் மிஞ்சியிருந்தது. ஒரே ஒரு பெயருக்கு எல்லா நாடிகளும் துள்ளியிருந்தன. அந்தப் பெயருக்கு உரியவரின் நாடியும்தான். அதை ஆக்னஸிடம் காட்டினான்.

"சந்தேகமோ பயமோ, யாருக்குத் தெரியும்?" என்றாள் அவள். "நான் கேட்டுட்டு வாரேன்."

வரதனின் அறையில் அவள் எதையும் தேடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "தலைவரே, சரியாத் தூங்கி எத்தனை நாளாச்சு?" என்றாள்.

அவர் முகத்தைப் பொத்திக்கொண்டார். "கலம் பக்கத்துல இருந்தாத்தான் கண் மூட முடியுது ஆக்னஸ்" என்றார். "என்னோட ஒன்னு போதலை. உன் பெயர் வரும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சும்மா இருந்தேன்."

"நாளைக்கு நீங்களே சொல்லிடுங்க. நான் பக்கத்துல நிக்கேன்."

மறுநாள் ஏழு மணி. வெறுங்காதோடு எல்லோரும் கூடியிருந்தார்கள். வரதன் எழுந்து, கலத்தை மேசைமேல் வைத்து, தாமே சொன்னார். ஒருவர்கூடத் திகைக்கவில்லை. ஒருவர்கூட 'ஐயோ' என்று சொல்லவில்லை.

எல்லோருக்கும் முன்பே தெரிந்திருந்தது; தெரிந்தும், வேறொருவர் வெளியறைக்குப் போகட்டும் என்று சும்மா இருந்தார்கள். ஆக்னஸ் வரதனின் அருகில் நின்றுகொண்டிருந்தாள். அவளை நிமிர்ந்து பார்க்க யாராலும் முடியவில்லை.