இரண்டே கோடுகள் உள்ள குழு

கணவன் ரெஜிஸ் இறந்த இருபதாம் நாள், மதியம் இரண்டு மணிக்கு டெல்பின் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் பிடித்துத் திருச்சிக் கல்லூரிக்கு வந்தாள். மூன்றாவது மாடி ஆய்வுக்கூடத்தில் ஜன்னல்கள் சாத்தியிருந்தன. ஒரே புழுக்கம். அவள் வராத நாட்களிலும் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. ஐந்து லட்சம் நட்சத்திரங்களின் ஒளி கூடிக் குறையும் கோடுகளைப் பார்த்து, ஒரே சாயல் உள்ளவற்றைக் குழு குழுவாகப் பிரித்து வைத்திருந்தது.

கடைசிக் குழுவில் இரண்டே கோடுகள். ஒன்று, எண் மட்டும் உள்ள ஒரு நட்சத்திரம். மற்றதன் பெயரை அவள் இரண்டு முறை படித்தாள்.

'ரெஜிஸ் புத்தூர்.'

அவனுடைய இதயத் துடிப்புப் பதிவு. புத்தூர் ஆஸ்பத்திரியில் அவன் கிடந்த கடைசி நாளுடையது. எதனால் போனான் என்று இன்னொரு டாக்டரிடம் கேட்கலாமென்று வாங்கியவள், அவசரத்தில் நட்சத்திரங்களின் ஃபோல்டரில் போட்டுவிட்டிருக்கிறாள்.

"தெரியாம சேர்ந்திருக்கும். அழிச்சிடு டெல்பின்," என்றாள் பக்கத்து மேஜை ஷரபுன்னிசா.

டெல்பினுக்கு உட்காரவே முடியவில்லை. எழுந்தாள், ஜன்னல்வரை நடந்தாள், திரும்பி வந்து இரண்டு கோடுகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தாள். அச்சாகப் பொருந்தின. அவன் துடிப்பு தடுமாறிய இடங்களிலெல்லாம் நட்சத்திரமும் தடுமாறியது.

பிறகு அவன் கோடு படுத்துவிட்டது.

நட்சத்திரத்தின் கோடு கொஞ்சம் நின்று, மறுபடி எழுந்தது.

"யா அல்லாஹ்..." ஷரபுன்னிசாவின் குரல் இறங்கிவிட்டது. "இங்க ஏன்டி ஸ்பிரிட் வாடை அடிக்குது?"

டெல்பினுக்கும் அடித்தது. வார்டின் அதே வாடை.

வானாய்வகத்துக்குப் போன் போட்டாள். தொலைநோக்கியைப் பார்த்துக்கொள்ளும் தைரியராஜ் எடுத்தார். எண்ணைச் சொன்னதும் படத்தைத் தேடிப் பார்த்தார்.

"அந்த இடத்துல நட்சத்திரமே இல்லீங்க மேடம். வெறும் இருட்டுதான் இருக்கு. லிஸ்ட்லேர்ந்து எடுத்துடுங்க."

"அப்ப இந்த அளவெல்லாம் எங்கேர்ந்து சார் வந்துச்சு?"

"தெரியலீங்க. போன செவ்வாய்க்கிழமையோட மழைக்காக மூடிட்டோம். அதுக்கப்புறம் நாங்க எதுவுமே அனுப்பலை."

நட்சத்திரத்தின் கோடும் செவ்வாய்க்கிழமையோடுதான் நின்றிருந்தது. அழிப்பதற்காக விரலை வைத்தாள். அழுத்த மனம் வரவில்லை. பயந்துதான் போயிருந்தாள், அந்தப் பயத்துக்குள்ளே ஓர் ஆசையும் இருந்தது.

"ரெஜிஸ்," என்றாள், காற்றுக்குக்கூடக் கேட்காமல்.

கோட்டின் நுனியில் புதிதாக ஒரு புள்ளி விழுந்தது.

ஷரபுன்னிசா பாய்ந்து இன்டர்நெட் வயரைப் பிடுங்கினாள்.

இன்னொரு புள்ளி.