மூன்றாம் எண், இயல்பு

உப்பு ஜாடி காலியாக இருந்தது. மரக்காணத்தில், அதுவும் உப்பளத்துக்காரன் வீட்டில் உப்பு தீர்ந்துபோச்சு என்றால் ஊரே கைகொட்டிச் சிரிக்கும். முந்தாநாள்தான் அமுதவல்லி அதைக் கழுத்துவரை நிரப்பி வைத்திருந்தாள். இப்போது உள்ளே ஒரு கல்கூட இல்லை. கழுவிக் கவிழ்த்ததுபோலப் பளபளவென்று இருந்தது. ஆனால் விளிம்பில் கை பட்டதும் எச்சில் மாதிரி கொழகொழவென்று வழுக்கியது.

சீ என்று விரலை முந்தானையில் துடைத்தாள். அந்த விரல்நுனிகளில் எப்போதும் மஞ்சள் கறை இருக்கும். பார்க்கிறவர்கள் சமையல் மஞ்சள் என்றுதான் நினைப்பார்கள். அது மருந்துக் கம்பெனி ஆய்வுக்கூடத்தில் எலிகளுக்கு அடையாளம் வைக்கிற சாயம். தோலில் ஏறிவிட்டால் லேசில் போகாது. மூலிகைச் சாறு கொடுத்த எலிகளைப் பதினான்கு நாள் கவனித்துக் குறித்துவைப்பது அவள் வேலை. இரண்டு மாதம் முன்பு, உப்பளக் கரையில் முளைக்கிற உமரிச் செடியின் சாறு வந்தது. உச்சந்தலையில் மஞ்சள் வைத்த மூன்றாம் எண் எலி, மூன்றாம் நாள் சாயங்காலம் கூண்டுக் கம்பியை நக்க ஆரம்பித்தது. நாக்கு கிழிந்தும் நிறுத்தவில்லை. விடிவதற்குள் செத்துக் கிடந்தது.

மேனேஜர் தட்சணாமூர்த்தி அலட்டிக்கொள்ளவே இல்லை. "ஒண்ணு செத்தா இன்னாம்மா இப்போ? வெறும் தண்ணி மட்டும் குடுக்கற எலிங்க இருக்குதே, அதுல ஒண்ண எடுத்து மஞ்சள் வச்சிடு."

வைத்தாள். பாவி, வைத்ததோடு விட்டாளா? மூன்றாம் எண்ணுக்கு நேரே பதினான்கு நாளும் 'இயல்பு' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாள்.

உள்ளறையிலிருந்து ஏதோ சத்தம் வந்தது. சளப்... சளப்... பூனை பால் குடிக்கிற மாதிரி. உள்ளறையில் பால் ஏது? ஜன்னல் வழியாகக் கழிமுகத்துச் சேற்று வாடை வந்தது. பொழுது இறங்கிக்கொண்டிருந்தது.

வாசல் குழாயடியில் அவள் புருஷன் ஜெயசீலன் காலில் ஒட்டிய உப்பளச் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"ஏங்க, ஜாடியில இருந்த உப்ப யாரு எடுத்தது?"

"எனக்கு இன்னா தெரியும்? பாப்பாவ கேளு. இன்னிக்கு சோறே வேணான்னுட்டா. உள்ள தூங்குறா போல. எழுந்ததும் டானிக் குடுக்கணும்."

"இன்னா டானிக்?"

"உங்க கம்பெனிதுதான். உமரிச் சாறாம், உப்பளத்துல எல்லாருக்கும் ஓசியில குடுத்தாங்க. புள்ள இளைச்சிருக்காளேன்னு தெனம் ஒரு மூடி குடுக்கறேன்." பெருமையாகச் சிரித்தான். "நீ பாத்து ஓகே பண்ணதாச்சே, நமக்கு இன்னா பயம்?"

"எத்தினி நாளா?"

"இன்னியோட மூணு நாளு."

ஐயோ. மூன்றாம் நாள். சாயங்காலம்.

ஓடினாள். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே இருட்டு.

சளப். சளப்.

ஷாலினி சுவரோடு சுவராக முழங்காலிட்டிருந்தாள். ஏழு வயசு. கடல்காற்றில் உப்புப் பூத்த சுவர். அவள் தலை எட்டும் உயரம்வரை ஈரம். ஈரத்துக்கு நடுவில் சிவப்பாக ஒரு கோடு.

"பாப்பா..."

திரும்பவில்லை.

அமுதவல்லி அவள் தலையைப் பிடித்து இழுத்தாள். உச்சந்தலையில் அதே மஞ்சள். கட்டைவிரலால் தேய்த்தாள். முந்தானையால் தேய்த்தாள். போகவில்லை.

"ஐயோ என் தங்கமே!"

இப்போது ஷாலினி திரும்பினாள். வாயெல்லாம் ரத்தம். அம்மாவின் முகத்தையே உற்றுப் பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் அந்த முகத்தை இறுகப் பற்றிக்கொண்டு, கன்னத்தில் வழிந்த கண்ணீரை நக்க ஆரம்பித்தாள்.

சளப். சளப்.