பேஸ்ட் பிதுக்கியவன்

"ஆ...!"

ஸ்க்ரூட்ரைவர் மெக்கானிக்கின் வயிற்றில் இறங்கியது.

குத்தியவன் பெயர் பிளேடு. ஆள் அறுப்பது ஜோக் சொல்லி அல்ல!

"ஹார்ட் டிஸ்க் எங்கடா? நான் செஞ்ச கொலை அதுல வீடியோவா இருக்கு. ரிப்பேர் பண்ணச் சொன்னா படமா பாக்குற?"

"சொ... சொல்ல மாட்டேன்..."

வாயில் டேப். விலாவில் உதை. மெக்கானிக் மேஜைக்கடியில் சுருண்டான். ரத்தமும் அங்கேயே தேங்கியது.

காலை பதினோரு மணி. கடை வாசலில் செருப்புச் சத்தம்!

பிளேடு தன் ரத்தச் சட்டையைக் கழற்றி மேஜைக்கடியில் வீசினான். ஆணியில் தொங்கிய மெக்கானிக்கின் சட்டையை மாட்டிக்கொண்டான்.

பச்சைச் சுடிதாரில் ஒரு பெண் நுழைந்தாள்.

"அவர் இல்லீங்களா?"

"லீவு. நான் புது மெக்கானிக்."

மேஜையில் திறந்து கிடந்த கம்ப்யூட்டரைக் காட்டினாள். "இது என்னோடதுதான். பத்தே நிமிஷத்துல கொதிச்சு ஆஃப் ஆயிடுது. ப்ராஸஸர் மேல சூடு தணிக்கத் தடவுன பழைய பேஸ்ட் காஞ்சுபோச்சாம். தொடச்சிட்டு புதுசு போடுங்க. காத்திருக்கேன்."

பிளேடு தலையாட்டினான். இவள் கிளம்பினால்தான் மெக்கானிக்கின் கதையை முடிக்க முடியும்.

மேஜைக்கடியில் முனகல்!

"என்ன சத்தம்?"

"ஃபேனுங்க..."

"கரன்ட் கடத்துற பேஸ்ட் வேணாம். சிந்தினா போர்டே காலி."

"சேச்சே... நல்ல பேஸ்ட்தான்!"

பாத்ரூமுக்குள் ஓடினான். ட்யூபுடன் வந்தான். பிதுக்கினான்.

ப்ராஸஸர் மேல் வெள்ளை வெளேரென்று... பல் தேய்க்கிற பேஸ்ட்! கடை முழுக்கப் புதினா வாசனை.

"பட்டாணி அளவு போதுமே?"

"தாராளமா இருக்கட்டும் மேடம்!"

அவள் சிரித்தாள். ப்ராஸஸர் மேல் மாட்டும், சூட்டை உறிஞ்சும் ஹீட் சிங்க்கைக் கையில் எடுத்தாள். முக்கால் கிலோ உலோகம்!

நங்!

மூக்கு உடைந்தது.

நங்!

மூன்று பற்கள் தரையில் தெறித்தன. ஸ்க்ரூட்ரைவரைத் தேடிய விரல்களைச் செருப்புக் காலால் மிதித்தாள். எலும்பு முறிகிற சத்தம்.

"யா... யாருடி நீ?"

"நீ போட்டிருக்கியே சட்டை... அதுக்கு நேத்து பட்டன் தெச்சவ! ஒருவேளை நெஜமாவே புது ஆளோன்னு சந்தேகம் இருந்துச்சு. அதான் இந்தக் கம்ப்யூட்டரை என்னோடதுன்னு சொல்லி சோதிச்சேன். பேஸ்ட்டுன்னதும் பாத்ரூமுக்கு ஓடின பாரு... தெளிஞ்சிடுச்சு!"

கேபிளால் அவனைக் கட்டினாள். போலீஸுக்கும் ஆம்புலன்ஸுக்கும் போன் போட்டாள். கணவனின் காயத்தில் துப்பட்டாவை அழுத்தியபடி டேப்பை உரித்தாள்.

"என்னங்க... கண்ணத் தொறங்க... எனக்கு உசிரே போயிடுச்சு..." உடைந்து அழுதாள்.

அவன் முனகினான். "ஏய்... அந்த ஹீட் சிங்க் வளைஞ்சுபோச்சே... கஸ்டமரோடதுடி! கேட்டா என்ன சொல்றது?"

"பொண்டாட்டி சூடாயிட்டான்னு சொல்லுங்க!"