க்ளட்ச் மட்டும் பாருங்க!

காலை பத்தேகால்.

போன் அலறியது.

கார்புரேட்டருக்குள் விரலை விட்டிருந்த மெக்கானிக், முழங்கையால் ஸ்பீக்கரைத் தட்டினாள்.

"பழைய ஸ்போர்ட்ஸ் காரெல்லாம் பார்க்கிற மெக்கானிக் ஷெட்தானே?"

"ஆமா. சொல்லுங்க."

"நான் பல் டாக்டர் பேசறேன். மலை மேல கடைசி வீடு. க்ளட்ச் பெடல் தரையோட ஒட்டிக்கிச்சு... மேலயே வர மாட்டேங்குது. ஒரு மணிக்குள்ள வண்டி ஓடியாகணும்!"

"வண்டிக்கு என்ன வயசு?"

"அறுபத்திரண்டு. என் மாமனார் வண்டி. உடனே ஒரு ஆளை அனுப்பும்மா."

"வர்றேன்."

"நீயா...?"

"நான்தான் சார் அந்த ஆள்!"

மலைப் பாதையில் பதினோரு கொண்டை ஊசி வளைவுகள். ஒரு பக்கம் பாறை. மறுபக்கம்...

எதுவுமே இல்லை. வெறும் ஆகாயம்!

மெக்கானிக்கின் வேன் மூச்சு வாங்கியபடி ஏறி, கேட்டுக்கு உள்ளே நின்றது.

சிவப்பு நிற டூ-சீட்டர். அதன் அருகில் வெள்ளைச் சட்டையில் பல் டாக்டர். நகம் வரை சுத்தமான மனிதர். வாசற்படியில் அவருடைய மனைவி. கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"மூணு மணிக்கு இவ கீழ வக்கீல் ஆபீஸ்ல இருக்கணும்" என்றார் டாக்டர். "க்ளட்சை மட்டும் பாருங்க. வேற எதையும் தொட வேண்டாம்."

"நல்லாப் பாருங்க அக்கா" என்றாள் மனைவி, மெதுவாக. "அடியில எல்லாத்தையும்."

டாக்டர் திரும்பி ஒரு பார்வை பார்த்தார்.

அவள் ஒரு படி பின்னால் ஏறிக்கொண்டாள்.

மெக்கானிக் பெடலை மிதித்தாள். வெண்ணெய்க்குள் கால் வைத்தது போல இறங்கியது. கால் விரலால் தூக்கினால்தான் மேலே வந்தது. பானெட்டைத் திறந்தாள். க்ளட்ச் ஆயில் டப்பா காலி!

'எங்கேயோ ஒழுகுது...'

பெடலுக்கு மேலே மாஸ்டர் சிலிண்டரைத் தடவினாள். உலர்ந்திருந்தது. அப்படியானால் அந்தக் கோடி... கியர் பாக்ஸ் பக்கம்!

ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கினாள். டார்ச்சோடு மல்லாந்து உள்ளே நகர்ந்தாள்.

க்ளட்சைத் தள்ளும் சின்ன சிலிண்டர். அதன் ஓரத்தில், ஆயிலில் சேரும் காற்றை வெளியே எடுக்கும் திருகு. சுற்றிலும் ஈரம்.

திருகு இரண்டு சுற்று கழன்றிருந்தது. அதன் மேல்... ஸ்பானரின் புதுக் கீறல்!

'தானா கழலலை. யாரோ கழட்டியிருக்காங்க!'

டார்ச்சை நகர்த்தினாள்.



பிரேக் பைப். அதில் மட்டும் ஓர் அங்குலத்துக்குச் சேறு பூசியிருந்தது. கட்டை விரலால் துடைத்தாள்.

ரம்பம் போட்ட வெட்டு! முக்கால்வாசி ஆழம்!

பழைய வண்டி. நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் லைன். முதல் வளைவில் அழுத்தி மிதித்தால் போதும்... பைப் பிளக்கும்.

அப்புறம் ஆகாயம்தான்.

பளபளக்கும் இரண்டு ஷூக்கள் அவள் தலையருகே வந்து நின்றன.

"என்ன ஆச்சு?"

"ஒரு திருகு லூஸ் சார். முறுக்கி, ஆயில் ஊத்தி, காத்து எடுத்தா பெடல் நின்னுடும். அப்புறம் நானே கீழ வரைக்கும் ஓட்டிப் பார்த்துடறேன்."

"வேண்டாம்!"

குரல் சாட்டை போல விழுந்தது.

"ட்ரையல் எல்லாம் வேண்டாம். அவளே ஓட்டுவா."



"டார்ச் ஏன் அந்தப் பக்கம் எரியுது...?" என்றார் டாக்டர்.

"சும்மா... தூசி சார்."

"தூசியா?"

ஷூக்கள் நகர்ந்தன. ஜாக்கியின் பக்கம்.

"சார்... என்ன பண்றீங்க? சார்...!"

சுத்தமான நகங்கள் ஜாக்கியின் கைப்பிடியைப் பற்றின. திருகின.

புஸ்ஸ்ஸ்...

சிவப்பு வண்டி சரிந்தது!

'ணங்!'

சரிந்த வண்டி நான்கு விரற்கடை இறங்கியதுமே நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் அவள் முன்பே முட்டுக் கொடுத்திருந்த இரும்பு ஸ்டாண்டுகள்!

"ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்கிற மெக்கானிக் யாரும் என் வயசு வரைக்கும் வர்றதில்ல சார்!"

மறுபக்கமாக உருண்டு வெளியே வந்தாள். கையில் வீல் ஸ்பானர்.

டாக்டர் கேட்டை நோக்கி ஓடினார். குறுக்கே வேன். ஏறிக் குதிக்கப் பார்த்தவரின் காலரை எண்ணெய்க் கை கொத்தாகப் பிடித்தது.

"உட்காருங்க டாக்டர். வாயைத் திறக்காம!"

மனைவி படியிலிருந்து இறங்கி வந்தாள். கையில் செல்போன். ரெக்கார்டிங் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"போலீஸ் வந்துட்டிருக்கு அக்கா."

முக்கால் மணி நேரத்தில் ஜீப் வந்தது. இன்ஸ்பெக்டர் குனிந்து பைப்பைப் பார்த்தார். முகம் இறுகியது.

"பிரேக்கை அறுத்தது சரி. அதே ஆள் க்ளட்சையும் எதுக்குக் கழட்டணும்? வண்டி நகராதே!"

"அதைக் கழட்டினது அவர் இல்லை சார்" என்றாள் மனைவி. "நான்!"

மெக்கானிக்கின் கையிலிருந்த ஸ்பானர் நழுவியது.

"விடியக்காலைல ரம்பத்தோட வண்டிக்கு அடியிலேர்ந்து இவர் வெளிய வந்ததைப் பார்த்தேன். மூணு மணிக்கு விவாகரத்துப் பத்திரத்துல கையெழுத்து. வக்கீல்கிட்ட போய்ச் சேரணும்னு நான் நினைச்சேன்... நான் போய்ச் சேரணும்னு இவர் நினைச்சார்!"

"உடனே எங்களுக்குச் சொல்லியிருக்கலாமே?"

"இதுக்கு முன்னாடி ரெண்டு தடவை சொன்னேன். எனக்கு மனசு சரியில்லைன்னு இவர் சொன்னதைத்தான் உங்க ஸ்டேஷன் நம்பிச்சு. எனக்கு வேற ஒரு ஜோடிக் கண்ணு வேணும். அப்பா வண்டி... எந்தத் திருகு எதுக்குன்னு எனக்குத் தெரியும். க்ளட்ச் போனாத்தானே மெக்கானிக் வருவாங்க?"

அவள் திரும்பினாள். கண்கள் நிறைந்திருந்தன.

"மன்னிச்சிடுங்க அக்கா. உங்க மேலயே கை வைப்பார்னு நினைக்கலை."

மெக்கானிக் அவளையே பார்த்தாள். கோபம் வந்தது. கூடவே என்னவோ ஒன்று வந்து அதை அமுக்கியது.

"அடுத்த தடவை நீயே போன் பண்ணிச் சொல்லிடும்மா. இன்னும் ரெண்டு ஸ்டாண்ட் சேர்த்து எடுத்துட்டு வருவேன்."

இன்ஸ்பெக்டர் நோட்டைப் பிரித்தார்.

"ரிப்போர்ட்ல எழுதணும். க்ளட்ச்ல என்ன கோளாறு?"

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு, ஜீப்பில் ஏற்றப்படும் டாக்டரைப் பார்த்தாள்.

"க்ளட்ச்ல ஒண்ணுமில்ல சார்... இந்தம்மாவைக் கைப்பிடிச்ச ஆள்லதான் கோளாறு!"